மூன்று தாள்களும் ஓர் அட்டையின் கேள்வியும்

அண்மையில் வீடு மாற வேண்டியிருந்தது. முப்பது வருடப் பத்திரிகை வாழ்க்கையில் சேர்ந்த காகிதங்களை ஒழுங்குபடுத்துகையில், பழைய கோப்பு ஒன்றுக்குள் மூன்று தாள்கள் ஒன்றாகக் கிடந்தன. முதலாவது, 1998ஆம் ஆண்டு நான் வவுனியாவில் நிருபராக இருந்தபோது வைத்திருந்த பாஸ். மடித்து மடித்து நான்கு துண்டாகும் நிலையில் இருந்தது. இரண்டாவது, ஆபிரிக்க நாடொன்றில் நடைபெற்ற ஊடகப் பயிற்சிக்குச் செல்வதற்காகப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஏற்றிப் பெற்றுக்கொண்ட மஞ்சள் நிறக் கையேடு. மூன்றாவது, 2021ஆம் ஆண்டு கொவிட் தடுப்பூசி ஏற்றியபோது தரப்பட்ட சிறிய அட்டை.

மூன்றையும் மேசைமீது வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் சொல்வது ஒன்றைத்தான்: 'இவர் போகலாம்'. ஆனால் முதலாவது தாளை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது. இரண்டாவது தாளைக் குறித்து எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. மூன்றாவது தாள் இந்த இரண்டில் எதனுடைய உறவு? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நான் தடுப்பூசிக்கு எதிரானவன் அல்லன். 2021 ஆகஸ்ட் மாதத்தில், டெல்டா வகைத் தொற்று இலங்கையை உலுக்கியபோது, இருபது வருடங்கள் அடுத்தடுத்த மேசையில் இருந்து பணியாற்றிய நண்பர் ஒருவரை இழந்தேன். இரண்டாவது ஊசிக்கான நாளைக் காத்திருந்தவர் அவர். ஆகவே தடுப்பூசி உயிர் காக்குமா என்பது இங்கு எழுப்பப்படும் கேள்வி அன்று. தடுப்பூசி வேறு, தடுப்பூசிச் சான்றிதழ் வேறு. ஊசி உடலுக்குள் செல்கிறது. சான்றிதழோ வாசலில் நிற்பவனின் கைக்குச் செல்கிறது.

தழும்பிலிருந்து தாளுக்கு

இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர் 1796இல் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் எனக் காட்டினார். ஆறே ஆண்டுகளில், 1802இல், அந்த அம்மைப்பால் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் பாட்டன் பாட்டிமாருக்குச் சான்றிதழ் அவர்களின் புயத்திலேயே இருந்தது. அம்மை குத்திய தழும்பைக் காட்டினால் போதும். அத்தழும்பைக் களவெடுக்க முடியாது, தொலைக்கவும் முடியாது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பெரியம்மை பரவி, வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும் தழும்பைக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது, அமிலத்தால் தோலைச் சுட்டுப் பொய்த் தழும்பு உண்டாக்கியவர்களும் இருந்தார்கள். போலிச் சான்றிதழ் என்பது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று.

தாளாலான சான்றிதழைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. 1853ஆம் ஆண்டின் சட்டம், பிறந்து மூன்று மாதங்களுக்குள் குழந்தைக்கு அம்மை குத்தப்படவேண்டும் எனப் பணித்தது. மருத்துவர் வழங்கும் சான்றிதழின் ஒரு பிரதி பெற்றோருக்கும் மற்றையது பிறப்புப் பதிவாளருக்கும் சென்றது. 1867இல் சட்டம் மேலும் இறுகியது. ஊசிக்கு இணங்காத பெற்றோருக்கு ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பத் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டப்பணம் கட்ட முடியாத தொழிலாளியின் வீட்டுத் தளபாடங்கள் ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறைக்கும் சென்றனர். வசதி படைத்தவருக்கு அதே தண்டம் ஒரு சில்லறைச் செலவு. எதிர்ப்பு கிளம்பியதற்கு அறியாமை மட்டும் காரணம் அன்று என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு பிள்ளையின் புயத்திலிருந்து மறு பிள்ளையின் புயத்துக்கு அம்மைப்பால் மாற்றப்பட்ட அக்காலத்தில், வேறு நோய்களும் கூடவே தொற்றிய சம்பவங்கள் உண்மையிலேயே இருந்தன.

1885 மார்ச் மாதத்தில் லெஸ்டர் நகரில் நடைபெற்ற எதிர்ப்பு ஊர்வலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அரச ஆணைக்குழு ஒன்று ஏழு ஆண்டுகள் விசாரித்து 1896இல் அறிக்கை தந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. புயத்துக்குப் புயம் குத்தும் முறையை ஒழித்தது. மனச்சாட்சியின் பேரில் மறுப்பவருக்கு விலக்குச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. பின்னாளில் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களைக் குறிக்கப் பயன்பட்ட 'மனச்சாட்சி மறுப்பாளர்' என்ற சொல் பரவலாக வழங்கத் தொடங்கியது இந்த அம்மை குத்தும் விவகாரத்தில்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஆனால் விலக்குக் கேட்டு நீதவான் முன் நின்ற ஏழைத் தாய்மாரின் மனச்சாட்சி எளிதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அதனால் 1907இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, விலக்குப் பெறுவது எளிதாக்கப்பட்டது.

சீனர்களிடம் மட்டும் கேட்கப்பட்ட சான்றிதழ்

இனி அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வருவோம். 1900 மார்ச் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் இறந்த ஒருவரின் உடலில் பிளேக் நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. அப்போது பிளேக்குக்கு ஒரு தடுப்பூசி இருந்தது. பம்பாயில் 1896இல் நோய் வெடித்தபோது, வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தன் உடலிலேயே ஏற்றிப் பரிசோதித்த தடுப்பூசி அது.

மே மாதத்தில் ஓர் ஆணை பிறந்தது. சீனர் உள்ளிட்ட ஆசிய இனத்தவர் ஹாஃப்கின் ஊசி ஏற்றிக்கொண்ட சான்றிதழ் இன்றிச் சான் பிரான்சிஸ்கோவை விட்டு வெளியேறக் கூடாது. அதே நகரில், அதே தெருவில் வாழ்ந்த வெள்ளையரிடம் எந்தத் தாளும் கேட்கப்படவில்லை. வொங் வாய் என்ற சீனர் நீதிமன்றம் சென்றார். நீதிபதி மொரோ அந்த ஆணையைத் தடை செய்தார். ஓர் இனத்தை மட்டும் குறிவைக்கும் இந்த நடவடிக்கைக்கு, அந்த இனத்தவர் ஏனையோரைவிட நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் என்பதற்கான ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்றார். மேலும் ஒரு நுட்பமான விடயத்தையும் அவர் கவனித்தார். அந்த ஊசி நோயுள்ள இடத்துக்குச் செல்பவர் முன்கூட்டியே ஏற்றவேண்டியது. ஏற்கெனவே நோய்க்கிருமிக்கு ஆளாகியிருக்கக்கூடியவருக்கு ஏற்றினால் தீங்கு நேரலாம் என்று சுகாதார அதிகாரிகளின் சொந்த அறிவுறுத்தலே கூறியது.

இங்கு ஒரு விடயம் சிந்திக்கத்தக்கது. நோய் பொய் அன்று. மாநில ஆளுநர் பிளேக் இல்லவே இல்லை எனச் சாதித்தார். ஆயினும் அடுத்த நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். ஊசியும் பொய் அன்று. நோயும் மெய், மருந்தும் மெய். இருந்தும் இரண்டையும் இணைத்த ஆணை அநீதியாகவே இருந்தது. யாரிடம் கேட்கப்படுகிறது என்ற முதலாவது கேள்வியை அந்த வழக்கு நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

ஐந்து டொலர் தண்டமும் அதன் நிழலும்

தடுப்பூசிச் சட்டம் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத வழக்கு 1905ஆம் ஆண்டின் ஜேகப்சன் வழக்கு. மசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902இல் பெரியம்மை பரவியபோது, வளர்ந்தோர் அனைவரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என நகரச் சுகாதாரச் சபை பணித்தது. சுவீடனில் பிறந்த மதபோதகரான ஹென்னிங் ஜேகப்சன் மறுத்தார். சிறுவயதில் தனக்கும், பின்னர் தன் மகனுக்கும் அம்மை குத்தியதால் துன்பம் நேர்ந்தது என்பது அவர் சொன்ன காரணம். தண்டம் ஐந்து டொலர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் தோற்றார். நீதியரசர் ஹார்லன் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒருவரின் சுதந்திரம் எல்லாச் சூழலிலும் எல்லையற்றதன்று, கொள்ளைநோய்க் காலத்தில் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் அதே தீர்ப்பில் எல்லைகளும் கீறப்பட்டன. நடவடிக்கை தன்னிச்சையானதாகவோ, தேவைக்கு மிஞ்சியதாகவோ இருக்கக் கூடாது. உடல்நிலை இடம் தராதவரைக் கட்டாயப்படுத்துவது கொடுமையாகும். தண்டம் கட்டியவரைப் பிடித்துப் பலவந்தமாக ஊசி ஏற்றலாம் என்று எவரும் சொல்லவில்லை.

ஆனால் தீர்ப்புகள் தம்மை எழுதியவரின் கைக்குள் அடங்கி நிற்பதில்லை. 1927இல் கேரி பக் என்ற இளம் பெண்ணை, 'மந்த புத்தி உடையவர்' என முத்திரை குத்தி, பிள்ளைப்பேறு அற்றவராக்க வேர்ஜீனியா மாநிலம் எடுத்த முடிவை அதே உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. கட்டாயத் தடுப்பூசியை நியாயப்படுத்தும் தத்துவம் இந்தச் சத்திரசிகிச்சையையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவானது என்று நீதியரசர் ஹோம்ஸ் எழுதினார். அதற்கு அவர் துணைக்கு அழைத்தது ஜேகப்சன் வழக்கைத்தான். இத்தகைய சட்டங்களின் கீழ் அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிள்ளைப்பேறு அற்றவராக்கப்பட்டனர். ஐந்து டொலர் தண்டத்தில் தொடங்கிய ஒரு வாதம் இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கே போய் நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். பொதுநலன் என்ற சொல்லைக் கேட்டதும் நமது சிந்தனை உறங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மண்டபம் முகாம்

இராமேஸ்வரம் செல்லும் புகையிரதப் பாதையில் 'மண்டபம் முகாம்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அந்த முகாமை அமைத்தது இந்திய அரசு அன்று, இலங்கை அரசு. இந்திய மண்ணில், இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதிப்பதற்காக அமைத்தது. அதற்கு முன்னர் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இத்தகைய முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுச் சேவையும் புகையிரதமும் இணைக்கப்பட்டதும், மண்டபம் முக்கிய வாசலாயிற்று.

தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை எனப் பல இடங்களிலிருந்து கங்காணிமாருடன் வந்த குடும்பங்கள் அங்கு சில நாட்கள் தங்க வைக்கப்பட்டன. பெரியம்மைக்கு அம்மை குத்தப்பட்டது. கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. துணிகள் அவிக்கப்பட்டன. அதன் பின்னரே கப்பலேற அனுமதி. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகரவில்லை தொழிலாளியின் கழுத்தில் தொங்கிய காலமும் ஒன்று இருந்தது. பயணச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதற்கான ஏற்பாடு அது. பின்னர் அதுவே அவரின் கடனாயிற்று.

இந்த மருத்துவப் பரிசோதனையால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறுக்க முடியாது. அதற்கு முந்திய தலைமுறையினர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த வடபாதையில் கொலரா கண்டு வழியோரங்களில் மடிந்தவர்களின் வரலாறு கொடியது. ஆனால் இந்தக் கவனிப்பு யாருக்காக? தொழிலாளி நோயின்றி வாழவேண்டும் என்பதற்காகவா, தோட்டம் தொழிலாளி இன்றி நின்றுவிடக் கூடாது என்பதற்காகவா? ஊசி ஒன்றுதான், நோக்கம் இரண்டாக இருக்கலாம். அம்மை குத்தி, புழு நீக்கி, துப்புரவாக்கி இந்நாட்டுக்குள் அழைக்கப்பட்ட அம்மக்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபர் மாதத்தின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் இறக்கப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். 1983க்குப் பின்னர் எங்கள் அகதிகளின் முகாமாகவும் அதுவே விளங்கியது. உடல்நலச் சான்று ஒருவருக்கு உட்செல்ல வழி தரலாம். உரிமை தந்துவிடாது என்பதை மலையக மக்களைப்போல் அறிந்தவர் வேறு எவருமில்லை.

மஞ்சள் கையேடு ஏன் உறுத்தவில்லை?

இனி என் இரண்டாவது தாளுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 1951இல் சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகளை ஏற்றுக்கொண்டது. பெரியம்மை, கொலரா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிச் சான்றிதழ்கள் உலகெங்கும் ஒரே வடிவில் அமைந்தன. 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அதற்கான சான்றிதழும் ஒழுங்குவிதிகளிலிருந்து நீங்கியது. நோய் போனது, தாளும் போனது. கொலரா ஊசி நோய் பரவுவதைத் தடுப்பதில் போதிய பயன் தராது எனத் தெரிந்ததும் 1973இல் அந்தச் சான்றிதழும் விதிகளிலிருந்து கைவிடப்பட்டது.

மிஞ்சியது மஞ்சள் காய்ச்சல். இன்றைய ஒழுங்குவிதிகள் 2007 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தவை. அந்நோய் உள்ள நாட்டிலிருந்து வருபவரிடம் மட்டுமே பெரும்பாலான நாடுகள் இச்சான்றிதழைக் கேட்கின்றன. ஊசி ஏற்றிப் பத்து நாட்களின் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். முன்னர் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். ஓர் ஊசியே ஆயுள் முழுவதும் காக்கும் என ஆய்வுகள் காட்டியதும், 2016 ஜூலை மாதத்திலிருந்து அது ஆயுட்காலச் சான்றிதழாயிற்று. உடல்நிலை காரணமாக ஊசி ஏற்ற முடியாதவருக்கு மருத்துவர் எழுதித் தரவும் இடமுண்டு.

இந்த மஞ்சள் கையேடு எனக்கு உறுத்தாததன் காரணம் இப்போது விளங்குகிறது. அது சொல்லும் வாக்கு உண்மையானது. வெள்ளையர், கறுப்பர் என்று பாராமல் எல்லோரிடமும் ஒரே விதிப்படி கேட்கப்படுகிறது. விலக்குக்கு வழி உண்டு. அறிவியல் மாறியபோது விதியும் மாறியது. அதைக் கொண்டு எவரும் சொந்த ஊர்க் கடைக்கோ கோயிலுக்கோ போகவிடாமல் என்னைத் தடுக்கவில்லை.

கொவிட் அட்டையின் இரண்டு வருடங்கள்

2021 பெப்ரவரியில் இஸ்ரேல் 'பச்சைச் சான்று' முறையைத் தொடங்கியது. 2021 ஜூலை முதலாந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் கொவிட் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அச்சான்றிதழின் நல்ல அம்சங்களை முதலில் சொல்லவேண்டும். ஊசி ஏற்றியவருக்கு மட்டுமன்றி, நோய் வந்து குணமடைந்தவருக்கும், பரிசோதனையில் தொற்று இல்லை என நிரூபித்தவருக்கும் அது வழங்கப்பட்டது. அதன் ஆயுளும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒருமுறை நீடிக்கப்பட்டு, 2023 ஜூன் 30ஆந் திகதியுடன் முடிவடைந்தது.

ஆனால் அந்த ஜூலை மாதத்தில் வறிய நாடுகளில் நூற்றுக்கு இருவருக்குக்கூட ஓர் ஊசியேனும் கிடைத்திருக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் எந்த ஊசி என்பது பிரச்சினையாயிற்று. இலங்கையில் பெரும்பான்மையோருக்கு ஏற்றப்பட்டது சீனாவின் சினோபார்ம். உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதத்திலேயே அதனை அங்கீகரித்திருந்தது. ஆயினும் மேற்கு நாடுகள் பல தமது சொந்தப் பட்டியலையே பார்த்தன. ஐக்கிய இராச்சியம் சினோபார்மை ஏற்றுக்கொண்டது 2021 நவம்பர் மாத இறுதியில்தான். இந்தியாவின் பூனே நகரில் தயாரான கொவிஷீல்டும் ஐரோப்பாவில் தயாரான அஸ்ட்ராசெனிகாவும் ஒரே மருந்து. இருந்தும் ஒன்றுக்குத் திறந்த வாசல் மற்றதற்கு உடனே திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் வடமராட்சியில் இருந்தார். ஐரோப்பிய நாடொன்றில் இருந்த மகன் கடும் நோயுற்றிருந்தார். விசா இருந்தது. இரண்டு ஊசியும் ஏற்றியிருந்தார். 'எனக்கு ஏத்தினது மருந்தில்லையோ தம்பி?' என்று அவர் என்னிடம் கேட்டார். அவரது உடலில் இருந்த எதிர்ப்புச் சக்திக்கும் அந்த நாட்டின் பட்டியலுக்கும் தொடர்பில்லை என்பதை அவருக்கு நான் எப்படி விளக்குவது? அவர் சென்று சேர்ந்தபோது மகனின் முப்பத்தோராம் நாளும் முடிந்திருந்தது.

இனி உள்நாட்டு வாசல்கள். பிரான்சில் உணவகம், திரையரங்கு, நீண்டதூரப் புகையிரதம் ஆகியவற்றுக்குச் சுகாதார பாஸ் கட்டாயமாயிற்று. 2021 ஆகஸ்ட் 5ஆந் திகதி அந்நாட்டின் அரசியலமைப்புச் சபை அதனை அனுமதித்தது. பரிசோதனைச் சான்றும் ஏற்கப்பட்டமை, பாஸ் ஊசிக் கட்டாயமாக மாறாமைக்கு ஒரு காரணமாக இருந்தது. அதேவேளை, பாஸ் இல்லாத தற்காலிக ஊழியரின் ஒப்பந்தத்தை முறிக்கும் ஏற்பாட்டைச் சபை நீக்கியது. நிரந்தர ஊழியருக்கு இல்லாத தண்டனை தற்காலிக ஊழியருக்கு மட்டும் ஏன் என்பதே காரணம். பாரிஸின் உணவகச் சமையலறைகளில் பாடுபடும் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆகஸ்ட் மாத இறுதியிலிருந்து அந்தப் பாஸைக் காட்டித்தான் வேலைக்குச் சென்றார்கள். 2022 ஜனவரியில் பரிசோதனை என்ற மாற்றுவழி பெரும்பாலான இடங்களில் அகற்றப்பட்டது. மார்ச் நடுப்பகுதியில் பாஸே இடைநிறுத்தப்பட்டது.

இதற்கிடையே அறிவியல் நிலைமை மாறியிருந்தது. 2021 நவம்பரில் இனங்காணப்பட்ட ஒமிக்ரோன் வகை, ஊசி ஏற்றியவரையும் தொற்றியது. அவர்மூலம் பிறரையும் தொற்றியது. ஊசி கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காப்பதில் தொடர்ந்து பயன் தந்தது. ஆனால் 'இவரால் உங்களுக்கு ஆபத்து இல்லை' என்று அட்டை சொன்ன வாக்கு வலுவிழந்தது. என்னைக் காப்பதற்காக எனக்கு அறிவுரை கூறலாம். பிறரைக் காப்பதற்காக மட்டுமே என்னை வாசலில் நிறுத்தலாம். இந்த வேறுபாடு முக்கியமானது.

நீதிமன்றங்கள் அதைக் கவனித்தன. 2022 ஜனவரி 13ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு முடிவுகளை வழங்கியது. பெரிய நிறுவனங்களின் ஊழியர் அனைவருக்கும் ஊசி அல்லது பரிசோதனை என்ற மத்திய அரசின் விதியை நிறுத்தியது. அரச நிதியுதவி பெறும் மருத்துவ நிலையங்களின் ஊழியருக்கான ஊசி விதியை அனுமதித்தது. 2022 மே 2ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், எவரையும் பலவந்தமாக ஊசி ஏற்றச் செய்ய முடியாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையின் பாற்பட்டது என்றது. பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊசி ஏற்றாதவர் ஏற்றியவரைவிட அதிகமாக நோயைப் பரப்புகிறார் என்பதற்கான தரவு தன்முன் வைக்கப்படவில்லை என்பதால், அப்போதைய நிலையில் அந்தக் கட்டுப்பாடுகள் அளவுக்கு மிஞ்சியவை எனக் கூறியது. நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நீதிபதி மொரோ கேட்ட அதே கேள்விதான்: ஆதாரம் எங்கே?

எங்கள் கட்டளைச் சட்டம்

இலங்கையில் கொவிட் கால விதிகளில் பெரும்பாலானவை 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. பம்பாயின் பிளேக் நோய்க்கு அஞ்சி இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்த அதே ஆண்டில் பிறந்தது இது. நோய்க்காலத்தில் அதிகாரியின் கையில் பரந்த அதிகாரத்தைத் தரும் குடியேற்றகாலச் சட்டம்.

அந்த அதிகாரம் எவ்வாறு வழிதவறும் என்பதற்கு நாமே சாட்சி. 2020 ஏப்ரல் வர்த்தமானி அறிவித்தல், கொவிட் நோயால் இறந்தோர் அனைவரின் உடல்களும் எரிக்கப்படவேண்டும் எனப் பணித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம் குடும்பங்கள் கதறியும், உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் 2020 டிசம்பரில் காரணம் கூறப்படாமலே தள்ளுபடியாகின. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி மாறியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல்களுக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்? சான் பிரான்சிஸ்கோவைப் போல இங்கும் நோய் மெய்யாகவே இருந்தது. அதன் பெயரால் செய்யப்பட்டதற்குத்தான் ஆதாரம் இருக்கவில்லை.

2022 ஜனவரியில் அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் மற்றுமொரு வர்த்தமானி வந்தது. ஏப்ரல் 30ஆந் திகதியிலிருந்து முழுமையாகத் தடுப்பூசி ஏற்றாதோர் பொது இடங்களுக்குள் செல்லக் கூடாது என்றது அது. 'பொது இடம்' என்றால் சந்தையா, பஸ் வண்டியா, கோயில் வீதியா, பிரதேச செயலகமா? அந்தத் திகதி வருவதற்குள் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்திருந்தது. மக்கள் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைகளில் எவரும் எவரிடமும் அட்டை கேட்கவில்லை. ஆகவே அந்தக் கேள்வி இலங்கையில் தீர்க்கப்படாமலே மறக்கப்பட்டது.

முதலாவது தாளிடம் மீண்டும்

இவ்விடத்தில் என் வவுனியாப் பாஸை மீண்டும் கையில் எடுக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு பாஸ், ஒரு வாரத்துக்கு ஒரு பாஸ், ஒரு மாதத்துக்கு ஒரு பாஸ் என்று சொந்த நாட்டில், சொந்த மாவட்டத்தில் மக்கள் தரம் பிரிக்கப்பட்ட காலம் அது. நோயாளியான பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப் பாஸ் கேட்டு விடியற்காலையில் வரிசையில் நின்ற தாய்மாரைச் செய்திக்காக நான் எண்ணியிருக்கிறேன். 2002இல் உயர் நீதிமன்றம் அந்தப் பாஸ் முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை எனத் தீர்ப்பளித்தது. எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ ஆயிரம் பேரைத் தடுத்து நிறுத்திய ஒரு தாளுக்குப் பின்னால் சட்டமே இருக்கவில்லை! நடமாடும் சுதந்திரம் எமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ளது. பொதுச் சுகாதாரத்துக்காக அதனைக் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அக்கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

மூன்று தாள்களையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். அடுத்த பெருந்தொற்று வரும்போது, தாள் ஒன்றை நீட்டும் அரசிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தத் தாளை யாரிடம் கேட்கிறீர்கள், எல்லோரிடமுமா, சிலரிடம் மட்டுமா? தாள் இல்லாதவருக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? எந்த நாளில் இதனைக் கிழித்துப் போடுவீர்கள்? மருத்துவமனைத் தாதிக்கும் சந்தைக்குப் போகும் முதியவளுக்கும் ஒரே விதி பொருந்தாது. ஊசியை இலவசமாக, எட்டிய இடத்தில், அவரவர் மொழியில் விளக்கி வழங்காமல், ஏற்றவில்லை என்று தண்டிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தரக்கூடிய தாளை முகஞ்சுளிக்காமல் வாங்கிக்கொள்வேன். மஞ்சள் கையேட்டைப் போல அதைக் கவனமாக வைத்திருப்பேன். காலமான என் நண்பருக்கு நான் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.

மஞ்சள் கையேட்டைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்துவிட்டேன். வவுனியாப் பாஸைப் பழைய கோப்பிலேயே பத்திரப்படுத்தினேன். பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். கொவிட் அட்டை மட்டும் இதை எழுதும்வரை மேசைமீதே கிடக்கிறது. எந்தக் கோப்பில் அதனை இடுவது என்று இன்னமும் முடிவு செய்யவில்லை.